கடலை மூட்டையைச் சோதிக்க எது ஏற்றது: தங்கத் துகள் பட்டையா, ஆய்வுக்கூடமா?

தீபாவளிக்கு எட்டு வாரம் இருக்கும்போது எங்கள் ஒன்பது குடும்பமும் தகரக் கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பேசினோம். வருகிற நிலக்கடலையில் பூசண நஞ்சு இருக்கிறதா என்று இனி நாமே பார்த்துவிட வேண்டும். சரி, எதை வைத்துப் பார்ப்பது?

நாங்கள் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் முறுக்கு, ஓமப்பொடி, மசாலாக் கடலை போட்டு விற்கிறவர்கள். பெரும்பாலோர் பால்மரத் தோட்டத்து லயங்களிலிருந்து டவுனுக்கு வந்தவர்கள். இப்படிக் கொறிக்கிற பண்டத்துக்கு இங்கே கச்சாங் பூத்தே என்று பேர். அது என்றாலே ஈப்போவில் புந்தோங்தான் எல்லோருக்கும் நினைவு வரும். எங்களுக்கு அந்தப் பேர் இல்லை. ஆனாலும் இரவுச் சந்தை, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டு விழா என்று எங்கள் பொட்டலம் போகாத இடம் இந்த வட்டாரத்தில் குறைவு. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள். இந்த முடிவை நான் சும்மா எடுத்துக்கொள்ளாததற்கு அது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் 1988. பேராக்கில் என் வயதுக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் லோ ஷீ ஃபன் என்ற அரிசி மீ சாப்பிட்ட 13 பிள்ளைகள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். இறந்த பிள்ளைகளின் உடலில் அஃப்லாடாக்சின் என்ற பூசண நஞ்சு இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா பல மாதம் அந்த மீயை வீட்டுக்குள் விடவே இல்லை. கடலைக்கும் அந்த மீக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டிலும் நஞ்சைச் சுரப்பது ஒரே வகைப் பூசணம்தான் என்பதைத் தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற அந்தப் பூசணத்துக்கு வெயிலும் ஈரமும் சேர்ந்தால் கொண்டாட்டம். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தபோது, தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் கடலைப் பிண்ணாக்கைத் தேடிப்போய்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். இது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதில் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகமே இல்லை. ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி உடம்பில் இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடுகிறது. மலேசியாவில் பச்சைக் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி 1989-ல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு பிறந்தவர்கள்தான் எங்களிடம் வறுகடலை வாங்கிக்கொண்டு தேநீர் குடிக்கிற தாத்தா, பாட்டி, மாமா எல்லோரும்.

வறுத்தால் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. போகாது. வறுக்கும்போது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எண்ணெய்ச் சட்டியின் சூட்டைத் தாங்கி நிற்கிற நஞ்சு அது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? மேற்கொண்டு பக்குவப்படுத்தப் போகிற கடலைக்குக் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பு வைத்திருக்கிற வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அமெரிக்காவில் 20. நேராகச் சாப்பிடுகிற கடலைக்கு ஐரோப்பாவில் 4. கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்றால் நூறு கோடியில் 15 பங்கு. இந்த அளவை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்காது.

அதற்காகக் கண்ணையும் கையையும் தள்ளிவிட வேண்டாம். முதலில் பேச வேண்டிய வழியே அதுதான். எங்கள் மாமியார் காலத்திலிருந்து கடலையை முறத்தில் கொட்டிச் சுருங்கியது, கறுத்தது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவோம். நஞ்சு பெரும்பாலும் அப்படிப்பட்ட கெட்ட பருப்பில்தான் குவிந்திருக்கும். அதனால் பொறுக்குவது நஞ்சை உண்மையாகவே குறைக்கிறது. பெரிய ஆலைகளும் இதையேதான் கேமரா வைத்த இயந்திரத்தால் செய்கின்றன. ஆனால் பொறுக்கி முடித்த கடலை வரம்புக்குள் வந்துவிட்டதா என்று முறம் சொல்லாது. ஊதா விளக்கு அடித்துப் பார்க்கலாமே என்று ஒரு தம்பி யோசனை சொன்னார். சோளத்துக்கு அது ஓரளவு துப்புக் கொடுக்கும், கடலைக்கு நம்ப முடியாது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அப்புறம்தான் உலோக நுண்துகள் பக்கம் வந்தோம். என் அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே சிராப் தண்ணி மாதிரி சிவப்பு.

"அத்தை, இதுல இருக்கிறது தங்கம்," என்றாள்.

நாத்தனார் குப்பியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சளாக எதுவும் தெரியவில்லை. தங்கத்தை ஒரு மீட்டரில் நூறு கோடியில் 20 பங்கு அளவுக்குப் பொடியாக்கினால் அது மஞ்சளாக இருக்காது, சிவப்பாகிவிடும். ஒரு தலைமுடியின் குறுக்கே அப்படிப்பட்ட துகள்களை நாலாயிரம் வரை அடுக்கலாம். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புத் திரவத்தைச் செய்து, நிறத்துக்குக் காரணம் துகளின் நுண்மைதான் என்று சொல்லிவிட்டார்.

அடுத்து அவள் சமையலறைக்குப் போய் உப்புத் தண்ணி கரைத்து வந்து இரண்டு சொட்டு விட்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஊதாவாகி, ஊதா நீலமாகிவிட்டது. மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு போட்டு ஆலத்தி கரைக்கும்போது சிவக்குமே, அந்த மாதிரிதான் கண்ணுக்குப் பட்டது. காரணம்தான் வேறு. ஆலத்தியில் மஞ்சளே மாறுகிறது. இங்கே தங்கம் தங்கமாகவேதான் இருக்கிறது, துகளுக்கும் துகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி மட்டும் போய்விட்டது. தள்ளித் தள்ளி நின்றால் சிவப்பு, கூட்டமாக ஒட்டிக்கொண்டால் நீலம்.

இந்த நிறமாற்றத்தை வைத்து நஞ்சைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் முன்னால் இருந்த இரண்டாவது வழி. தேடுகிற பொருள் வந்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளும்படி துகளின் மேல் ஒரு பூச்சுப் பூசிவிடுகிறார்கள். 2008-ல் சீனாவில் பால்மாவில் மெலமைன் கலந்து ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அதன் பிறகு பாலில் மெலமைன் இருந்தால் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறுகிற தங்கத் திரவங்களைப் பல ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். பாதரசத்துக்கும் அப்படி உண்டு. கருவி வேண்டாம், கண் போதும் என்பதில் எனக்கும் ஆசைதான்.

ஆனால் அந்த உப்புச் சொட்டை என்னால் மறக்க முடியவில்லை. நஞ்சே இல்லாமல் வெறும் உப்புக்கே நீலமாகிவிட்டதே! நாங்கள் செய்வது உப்புப் போட்ட தின்பண்டம். கடலையில் புரதமும் எண்ணெயும் வேறு. உணவிலிருந்து எடுத்த சாற்றை நன்றாகச் சுத்தம் செய்யாமல் இந்தத் திரவத்தில் விட்டால், நீலம் நஞ்சினால் வந்ததா உப்பினால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. புரதம் துகளைப் போர்த்திக்கொண்டால் நஞ்சு இருந்தும் சிவப்பாகவே நின்றுவிடலாம். ஆய்வுக்கூடத்தில் படித்தவர்கள் கையில் இது நல்ல கருவி. கொட்டகையில் எங்கள் கையில் வேண்டாம்.

வெள்ளித் துகள் விலை குறைவு, நிறமும் இன்னும் பளிச்சென்று இருக்கும், அதைப் பார்க்கலாமா என்றும் பேசினோம். இதற்கு வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கொலுசு கறுக்கும், தாலிச் சங்கிலி கறுக்காது. வெள்ளி காற்றுக்கும் கந்தகத்துக்கும் உப்புக்கும் இளகிவிடும். தங்கம் பிடிவாதமாக அப்படியே இருக்கும். தவிர, ஒரு சோதனைக்கு ஆகிற தங்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால் வெள்ளிக்கு மாறினாலும் பெரிய மிச்சம் கிடையாது.

மூன்றாவது வழி, அதே தங்கத் துகளைக் காகிதப் பட்டையில் வைத்து விற்பது. கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் கிடந்த ஆர்டிகே கருவி மாதிரியேதான் இருக்கும். ஒரு முனையில் சாற்றை விட்டால் அது பட்டையில் ஊறி மேலே ஏறும். போகிற வழியில் காய்ந்து கிடக்கிற தங்கத் துகள்களையும் கூட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு துகளிலும் அஃப்லாடாக்சினை மட்டும் கை மாதிரிப் பிடிக்கிற ஆன்டிபாடி என்ற புரதம் ஒட்டியிருக்கும். மேலே டி என்று ஒரு கோடு, சி என்று ஒரு கோடு.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அஃப்லாடாக்சின் மிகச் சின்ன மூலக்கூறு. கொரோனா கிருமியை இரண்டு பக்கமும் இரண்டு ஆன்டிபாடி பிடிப்பது போல இதைப் பிடிக்க முடியாது. அதனால் டி கோட்டில் ஏற்கனவே கொஞ்சம் நஞ்சை ஒட்டி வைத்திருக்கிறார்கள். கடலை சுத்தமாக இருந்தால் தங்கத் துகளின் கைகள் காலியாகவே மேலே வரும். டி கோட்டில் இருக்கிற நஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று சிவப்புக் கோடாகும். கடலையில் நஞ்சு இருந்தால் வழியிலேயே கைகள் நிரம்பிவிடும். பிடிக்க இடமில்லாமல் கோட்டைத் தாண்டிப் போய்விடும். ஆக, டி கோடு நன்றாகத் தெரிந்தால் கடலை வரம்புக்குள். மங்கினாலோ மறைந்தாலோதான் கவலை. சி கோடு எப்படி இருந்தாலும் வர வேண்டும். அது வராத பட்டை கெட்டுப்போன பட்டை.

முதல் நாள் ஒத்திகை பார்த்தபோது நாத்தனார் பட்டையில் இரண்டு கோடு பார்த்ததும் "ஐயோ, ரெண்டு கோடு!" என்று மூட்டையை வெளியே இழுக்கப் போய்விட்டார். இரண்டு கோடு என்றால் கொரோனா என்று இரண்டு வருடம் பழகிய கண். பயந்து நல்ல மூட்டையைத் தள்ளினால் காசுதான் நஷ்டம். அதே பழக்கத்தில் ஒற்றைக் கோட்டைப் பார்த்து "அப்பாடா" என்று கெட்ட மூட்டையை உள்ளே விட்டால் என்ன ஆவது? அன்றே ஒரு அட்டையில் "இரண்டு கோடு நல்லது, ஒரு கோடு கெட்டது" என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினோம். பட்டை வாங்குகிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

பட்டையின் நல்லது என்ன? சாறு தயாரான பிறகு ஐந்து, பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். குளிரூட்டி அறை வேண்டாம். நாலு பேருக்கு நாலு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். குறை என்று பார்த்தால், கண்ணால் பார்க்கும்போது அது அளவைச் சொல்லாது. வரம்புக்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும். மங்கலான கோடு வந்தால் ஆளுக்கு ஒரு கருத்து வரும். அதற்குக் கோட்டின் கருமையைப் படித்து எண்ணாகக் காட்டுகிற சின்னக் கருவி தனியாகக் கிடைக்கிறது. நாங்கள் இப்போதைக்கு அதை வாங்கவில்லை. மங்கல் என்றால் கெட்டது என்றே எடுத்துக்கொள்வது என்று விதி போட்டுக்கொண்டோம்.

வாங்குவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, பட்டை கடலைக்கென்று சரிபார்க்கப்பட்டதா? பல பட்டைகள் சோளத்துக்கும் கோதுமைக்கும் செய்தவை. கடலையின் எண்ணெயில் அவை தடுமாறும். இரண்டு, சாறு எடுக்க என்ன திரவம் வேண்டும்? பழைய முறைகளில் தண்ணீர் கலந்த மெத்தனால் கேட்பார்கள். மெத்தனால் என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2018-ல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் இறந்தது எங்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை. தோட்டத்துப் பக்கத்தில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பிள்ளைகள் ஓடி விளையாடுகிற, மாமன்மார்கள் வந்து போகிற கொட்டகையில் அந்தப் போத்தல் இருக்கக் கூடாது என்று ஒரே குரலில் சொன்னோம். எத்தனால் கொண்டோ வெறும் தண்ணீர்க் கரைசல் கொண்டோ சாறு எடுக்கிற பட்டைகளும் விற்கின்றன. விலை கொஞ்சம் கூடினாலும் அந்த வகைதான் என்று முடிவானது. எத்தனால் என்றாலும் பூட்டுப் போட்ட அலமாரியில்தான்.

பட்டையை வைக்கிற இடமும் முக்கியம். பெரும்பாலான பட்டைகளை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். மத்தியானம் தகரக் கூரையின் கீழ் அது நடக்காது. வீட்டுக்குள் குளிர்ப்பெட்டியில் வைக்கிறோம். எடுத்த உடனே உறையைக் கிழித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் பட்டையில் வேர்த்துவிடும். அரை மணி நேரம் மேசையில் கிடக்க விட்டு, உறை கைக்குச் சில்லென்று தெரியாமல் போன பிறகுதான் கிழிக்க வேண்டும்.

நாலாவதாக எலைசா என்ற சோதனை. இதிலும் ஆன்டிபாடிதான், தங்கத்துக்குப் பதில் ஒரு நொதி நிறத்தை உண்டாக்கும். 96 குழி உள்ள தட்டு, மைக்ரோலிட்டர் அளக்கிற பிப்பெட், நிறத்தைப் படிக்கிற கருவி எல்லாம் வேண்டும். எண்ணாகவே விடை தரும், பட்டையைவிடத் துல்லியம். ஒரே நாளில் நாற்பது மூட்டை சோதிக்கிற கிடங்குக்கு நல்லது. மாதம் நாலைந்து மாதிரி பார்க்கிற எங்களுக்கு முக்கால் தட்டு வீணாகும். ஈப்போவிலிருந்து இங்கே வரைக்கும் எல்லாச் சிறு தயாரிப்பாளர்களும் ஒன்று சேர்ந்து ஓர் இடம் போட்டால் அப்போது இதை மறுபடி பேசலாம். அப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஐந்தாவது, கையில் பிடிக்கிற ராமன் கருவி. தங்கம் அல்லது வெள்ளித் துகள் பரப்பில் ஒட்டிய பொருளின் மேல் லேசர் அடித்தால், அதிலிருந்து வரும் மெல்லிய ஒளி அடையாளம் பல லட்சம் மடங்கு பெரிதாகும். 2010-ல் சீன ஆய்வாளர்கள் சிலிக்கா போர்த்திய தங்கத் துகளை ஆரஞ்சுத் தோலில் தூவி, பூச்சிமருந்து எச்சத்தைத் தோலிலிருந்தே படித்துக் காட்டினார்கள். கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கி விற்கிறவர் என்னிடம் கேட்டால் இதைக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்பேன். கடலையின் எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கிற நஞ்சுக்கு இது அவ்வளவு இலகுவில்லை. விலையும் பெரும்பாலும் ஒரு கார் விலை. எங்களுக்கு இல்லை.

கடைசியாக ஆய்வுக்கூடம். திரவ நிறப்பிரிகை முறையில் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே அளந்து, பி1, பி2, ஜி1, ஜி2 என்று அஃப்லாடாக்சினின் நாலு வகையையும் தனித்தனியாகச் சொல்வார்கள். ஐஎஸ்ஓ 17025 தரத்தின்படி சாம் என்ற மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரம் பெற்ற கூடங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அவர்கள் கடிதத்துக்குத்தான் மதிப்பு. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த இரண்டு மூட்டையில் பழைய ஈரச் சாக்கு நாற்றம். பிரித்துப் பார்த்தால் அடியில் பருப்பு பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கொடுத்த வியாபாரியிடம் போனேன். "உங்க கொட்டகையில நனைஞ்சிருக்கும் அக்கா, என்கிட்ட இருந்தப்ப நல்லாத்தான் இருந்தது. இல்லைன்னா லேப் லெட்டர் கொண்டுவாங்க," என்றார். மூட்டையை இறக்கி ஒரு வாரம் ஆகிவிட்டது, கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இரண்டு மூட்டையையும் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். ஆடு மாடுகூடத் தின்றுவிடக் கூடாது என்று மேலே சுண்ணாம்பு போட்டு மூடினோம். அன்றைக்குப் பட்டை இருந்திருந்தால்கூட வியாபாரி ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் லாரி நிற்கும்போதே எங்களுக்குத் தெரிந்திருக்கும், மாதிரியை முத்திரை வைத்து எடுத்திருப்போம், கடிதம் வாங்கியிருப்போம்.

எல்லா மாதிரியையும் ஆய்வுக்கூடத்துக்கே அனுப்பிவிடலாமே? விலை ஒரு பக்கம், நாள் இன்னொரு பக்கம். விடை வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை கடலை கொட்டகை ஈரத்தில் காத்துக் கிடக்கும். நல்ல கடலையும் பூசணம் பிடிக்க நேரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இப்படிப் பட்டையா கூடமா என்று பேச்சு இரண்டுக்கும் நடுவில் நின்றபோது அண்ணன் மகள் சுவரில் இருந்த நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டாள். என்னைப் பொறுத்தவரை அந்தத் தாள்தான் முடிவைத் தீர்மானித்தது.

ஒரு மூட்டை 25 கிலோ. ஒரு பருப்பு அரை கிராம் என்று வைத்துக்கொண்டால் மூட்டையில் 50,000 பருப்பு. மோசமாகப் பூசணம் பிடித்த ஒற்றைப் பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற கணக்கில்கூட நஞ்சு இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த அரை கிராமுக்குள் 500 மைக்ரோகிராம். அதை 25 கிலோவுக்குப் பகிர்ந்தால் கிலோவுக்கு 20. கோடெக்ஸ் வரம்பு 15. அதாவது ஐம்பதாயிரத்தில் ஒரே ஒரு பருப்பு போதும், மூட்டை முழுவதும் வரம்பைத் தாண்டிவிடும்.

"இப்ப நீங்க மேலாக ஒரு கை அள்ளி 100 கிராம் எடுக்கிறீங்க. அதுல 200 பருப்பு. அந்தக் கெட்ட பருப்பு அதுல இருக்க 250-ல ஒரு வாய்ப்பு," என்றாள். "அந்த 100 கிராமை உலகத்திலேயே பெரிய லேபுக்கு அனுப்பினாலும் சுத்தம்னுதான் கடிதம் வரும்."

கொட்டகை அமைதியாகிவிட்டது. எந்தக் கருவி என்று இவ்வளவு நேரம் பேசியிருந்தோம். எந்தக் கடலையை அதில் போடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கோடெக்ஸ் 20 கிலோ மாதிரி எடுத்து அரைக்கச் சொல்வது இதனால்தான். உண்மையில் பூசணம் ஒரே பருப்போடு நிற்பது அபூர்வம், பலவற்றில் கூடக் குறையப் பரவியிருக்கும்; ஆனாலும் சின்ன மாதிரி ஏமாற்றும் என்பது மாறாது. தரம் குறைந்த பட்டையில் நல்ல மாதிரியைப் போட்டால் கிடைக்கிற விடையை, தரம் கூடிய இயந்திரத்தில் ஒரு கைப்பிடிக் கடலையைப் போட்டு வாங்க முடியாது.

ஆனால் 20 கிலோ கடலையைச் சோதனைக்கு அரைத்து யாரால் கொட்ட முடியும்? எங்கள் ஒரு நடைக்கு வருவதே எட்டு மூட்டை, 200 கிலோ. பத்தில் ஒரு பங்கைத் தூக்கிப் போட்டால் தீபாவளி லாபம் அங்கேயே போய்விடும்.

வழி சொன்னது எங்கள் ஒன்பது குடும்பத்தில் சாத்தே கடைகளுக்குக் குழம்புக் கடலை அரைத்துக் கொடுக்கிற அக்கா. அவர் எப்படியும் ஒவ்வொரு நடையிலும் 20 கிலோ அரைக்கிறவர். இதுவரை ஒரே மூட்டையைப் பிரித்து அரைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேண்டிய இருபதை எட்டு மூட்டையிலிருந்தும் ரெண்டரை ரெண்டரை கிலோவா எடுத்துக் கொடுங்க. அரைச்சதும் உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை என்கிட்ட விடுங்க, நல்லாயிருந்தா குழம்புக்குப் போகுது," என்றார். சோதனைக்குக் கடலையே வீணாகாத வழி அது. அவருக்கு ஒரு சங்கடம் உண்டு. வழக்கமாக வறுத்துவிட்டு அரைப்பார். வறுத்தால் நஞ்சு கொஞ்சம் குறைந்து விடை ஏமாற்றும் என்பதால் இப்போது பச்சையாக அரைத்து, சோதனை முடிந்த பிறகு பொடியை வறுக்கிறார். பொடி சீக்கிரம் தீய்ந்துவிடும். அடுப்பைக் குறைத்து, சட்டியை விட்டு நகராமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இப்போது நடப்பது இப்படி. லாரி வந்ததும் மூட்டைக்குள் குத்தூசியை மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் குத்தி எடுக்கிறோம். அரிசி மண்டியில் மூட்டையைக் குத்திப் பார்ப்பார்களே, அந்த மாதிரிதான். பள்ளம் மட்டும் அகலமாக இருக்க வேண்டும், கடலை பெரிது. அரைத்த 20 கிலோவைத் துடைத்த மேசையில் குவித்து, தட்டி, சிலுவை போட்டு நாலு கூறாக்கி, எதிரெதிர்க் கூறு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி குவிக்கிறோம். கால் கிலோ அளவு வரும்வரை இதையே செய்து மூன்று பொட்டலம் கட்டுகிறோம். ஒன்று பட்டைக்கு, ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, ஒன்று தேதி எழுதி முத்திரை வைத்து உறைபெட்டிக்கு. அரைக்கும் இயந்திரத்தை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவ வேண்டும். போன நடையின் பொடி ஒட்டியிருந்தால் இந்த நடையின் பேர் கெடும்.

பட்டை ஒவ்வொரு நடைக்கும். புது வியாபாரியிடம் வாங்கும் முதல் நடையும், கோடு மங்கிய எந்த நடையும், அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நல்ல நடை ஒன்றும் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். நல்ல நடையையும் ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். பட்டை நல்லது என்றதை ஆய்வுக்கூடமும் நல்லது என்கிறதா என்று பார்க்கத்தான். இல்லாவிட்டால் பட்டை கெட்டுப்போய்விட்டது நமக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கிறோம். மெஸ்தி என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்குப் பதிவேடு எப்படியும் வேண்டும்.

வியாபாரியிடமும் முன்கூட்டியே பேசிக்கொண்டோம்: இறக்கும்போது அவர் ஆள் பக்கத்தில் நிற்க மாதிரி எடுப்போம், ஆய்வுக்கூடக் கடிதம் கெட்டது என்று வந்தால் மூட்டை திரும்பும். முன்பு லெட்டர் கேட்டவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்ட இன்னொருவரிடம் கிலோவுக்குச் சில காசு கூடக் கொடுத்து வாங்குகிறோம். அதை நான் சோதனைச் செலவிலேயே சேர்த்துக் கணக்குப் பார்க்கிறேன்.

உங்கள் ஊரில் குழம்புக் கடலை அரைக்கிற அக்கா இல்லாவிட்டால் கடலை உருண்டைக்கோ பொடிக்கோ அரைக்கிறவரைத் தேடிப் பாருங்கள். அவரும் இல்லாவிட்டால், பட்டை வாங்குகிற காசைச் சேர்த்து வைத்து, பெரிய மாதிரி எடுத்துச் சோதித்த கடிதத்தோடு விற்கிற இறக்குமதியாளரிடம் கடலை வாங்குவதே மேல் என்பேன். கைப்பிடிக் கடலையில் பட்டை வைத்துப் பார்த்து நிம்மதியாக இருப்பதை மட்டும் செய்ய வேண்டாம்.

பட்டைக்குத் தெரிந்தது அஃப்லாடாக்சின் ஒன்றுதான். பூச்சிமருந்தோ ஈயமோ கிருமியோ அதற்குத் தெரியாது.

எங்களுக்கு மிச்சம் இருப்பது மிளகாய்த்தூள். அதிலும் இதே பூசணம் வரும், மசாலாக் கடலையில் அதுதான் பாதி ருசி. பட்டையில் ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். மிளகாய்ச் சிவப்பு பட்டை முழுவதும் ஏறி, கோடு எது கறை எது என்றே தெரியவில்லை. அதனால் மிளகாயை முழு வத்தலாக வாங்கி, காம்பு கிள்ளும்போதே உள்ளே பூசணம் இருக்கிறதா என்று பிளந்து பார்த்து, நாங்களே அரைக்கிறோம். அரைத்ததில் ஒரு பொட்டலம் போன வாரம் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது. விடை வரும்வரை உப்புக் கடலை மட்டும்தான் போடுகிறோம்.